எட்டாவது சுற்று

அக்கரையில், பிறை ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஏழுக்கு மேல் எண்ணத் தெரியாத இயந்திரம் ஒன்று இருக்கிறதாம். கம்பி சுற்றுகிற இயந்திரம். ஏழு சுற்று வரை ஒழுங்காகக் கணக்குச் சொல்லுமாம். எட்டாவது சுற்று முடிந்ததும் திரையில் சுழியைக் காட்டி, இன்னும் வேலையே தொடங்கவில்லை என்பதுபோல முழிக்குமாம். அந்த நிலத்தைக் காக்கிற தெய்வமான டத்தோவுக்கு ஏதோ மனத்தாங்கல் என்று முடிவு கட்டி, முதலாளி வாசலில் சிவப்புக் கூண்டு வைத்து வெற்றிலையும் சுருட்டும் படைத்தாராம். டத்தோ சுருட்டை ஏற்றுக்கொண்டார் போலிருக்கிறது, இயந்திரம் மட்டும் எட்டைச் சொல்லவில்லை.

இதைச் சொன்னவன் ஸம்ரி. அவனுக்குச் சொன்னது அவன் மச்சான். மச்சானுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் எதற்கு, கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டான்.

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. எங்கள் கம்பெனி தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் பின் வரிசையில், ஒரு கார் பட்டறைக்கும் மீன் குளிர்கிடங்குக்கும் நடுவே இருக்கிறது. எதிரில் மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற ரொட்டிக் கடை. காலையில் அங்கே மூன்று பேர் உட்காருவோம். ஸம்ரி தோட்டங்களுக்குப் போய் எங்கள் கம்பெனி இயந்திரத்தைப் பொருத்துகிறவன். கோர் பெங் சூன் அதற்குள்ளே ஓடுகிற நிரலை எழுதுகிறவர். நான் அதை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று கையேடு எழுதுகிறவன். எதைப் பார்த்தாலும் கூடாததே முதலில் கண்ணில் படுகிற ஆளுக்குப் பொருத்தமான வேலைதான்.

கதையைக் கேட்டு நானும் சிரித்தேன், பெங் சூனும் சிரித்தார். பிறகு பருப்புக் குழம்பில் தோய்த்த ரொட்டித் துண்டு அவர் கையிலேயே நின்றது.

"என்ன சிப்புன்னு உன் மச்சான் சொன்னானா?"

"தவுக்கே, பேய்க் கதையில சிப்பு என்னன்னு கேக்குற ஒரே ஆளு நீங்கதான்," என்றான் ஸம்ரி. முதலாளியைக் கூப்பிடுகிற சொல்லால் அவரைக் கூப்பிடுவது அவன் கிண்டல். "டத்தோவே கேக்கல."

பெங் சூன் எழுந்து போய்விட்டார். ரொட்டி பாதி கிடந்தது, தே ஓ என்கிற பாலில்லாத் தேநீர் தொடாமல் இருந்தது. அதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் எதையும் முடித்து நான் பார்த்ததில்லை. ஐம்பதைத் தொடப்போகிற வயதிலும் மேசைக்கடியில் வலது கால் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் பேசுவதென்றால் நடந்துகொண்டுதான் பேசுவார். காரைப் பூட்டிவிட்டு வந்தவர், பாதி வழியில் திரும்பிப் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார். சீனப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அவர் மனைவி ஒரு பெருநாள் விருந்தில் என்னிடம், "எங்க வீட்ல ரெண்டு வாஷிங் மெஷின். ஒண்ணுக்குத்தான் நிறுத்துற சுவிட்ச் இருக்கு," என்றார். பெங் சூன் அப்போதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அவர் பாலிக் பூலாவ் மலையில் டுரியான் தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் டுரியான் வாசனை ஆகாது. பருவ காலத்தில் யாராவது ஆபீசுக்கு ஒரு டப்பாவைக் கொண்டுவந்தால் வெளியே போய்க் கார் பட்டறைக்காரனோடு நின்றுவிடுவார். காரணம் மூக்கு இல்லை, தோள். பள்ளிக்கூட நாட்களில் தோளில் கழி போட்டு, இரண்டு பக்கமும் கூடை தொங்க, அந்தச் செங்குத்து மலையில் பழம் இறக்கியவர். ஒருமுறை மழையில் வழுக்கிக் கூடை மேலேயே விழுந்தார். இடது உள்ளங்கையில் அம்மைத் தழும்பு மாதிரி இருப்பதெல்லாம் டுரியான் முள் குத்திய இடம். அன்றைக்கு அவரைத் தூக்கி நிறுத்தி, முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கூடவே முதுகில் ஒன்று வைத்தவர் துவாச்சி.

மூத்த அக்காவை ஹொக்கியன் சீனர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெயர் கோர் சுவீ இம். தம்பி நகரத்துப் பள்ளிக்குப் போய், பல்கலைக்கழகம் போய், ஆபீஸ்காரர் ஆனார். துவாச்சி மலையை விட்டு இறங்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் விட்டதில்லை. அப்பா போன பிறகு தோட்டம் அவர் பொறுப்பு. வார்த்தோ என்று ஜாவாக்காரர் ஒருவர் கூட வேலை செய்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து பேசுகிற வார்த்தைகளை விட அந்தத் தோட்டத்து நாய் அதிகம் பேசும். தம்பி வந்தால் மட்டும் துவாச்சிக்கு வாய் நிற்காது. முழுக்க வசவு.

அந்த மலைக்காகத்தான் பெங் சூன் வண்டியைச் செய்தார். அதற்கு முன்பு எங்கள் கம்பெனி சாப்பாட்டுக் கடைகளுக்குத் தட்டு ஏற்றி இறக்கும் சின்ன லிஃப்ட் மட்டும்தான் செய்துகொண்டிருந்தது. மலை உச்சியில் ஒரு பெரிய உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு, கயிற்றின் நுனியில் தண்டவாளத்தில் ஓடும் வண்டி, வண்டி நிறையப் பழக்கூடை. பொத்தானை அழுத்தினால் வண்டி தானாக இறங்கி, அடிவாரம் நெருங்கும்போது தானாக வேகம் குறைந்து, மெதுவாகப் போய் நிற்க வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் எது என்று வண்டிக்குத் தெரிந்தால் போதும். உருளை எத்தனை முழுச் சுற்றுச் சுற்றியிருக்கிறது, அதற்கு மேல் மீதி எவ்வளவு என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் போடுவது.

ஆனால் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பல்சக்கரம் ஒரு சுற்றுக்கு முழு எண்ணாகக் கணக்குக் கொடுக்கவில்லை. எப்போதும் புள்ளிக்குப் பின்னால் ஒரு வால் தொங்கியது. புள்ளி வைத்த எண்ணைக் கணினி வகுக்கும்போது என்ன கூத்து நடக்கும் என்று பெங் சூன் எனக்கு ஒருமுறை விளக்கினார், வழக்கம்போல நடந்துகொண்டே. பத்தில் ஒன்று என்பதைக் கணினிக்குச் சரியாக எழுத வராது, மயிரிழை கூடுதலாக எழுதிக்கொள்ளும். ஒன்றைப் பத்தில் ஒன்றால் வகு என்றால், பத்து என்று பளிச்சென்று சொல்லும். அப்படியானால் மீதி சுழிதானே? அதே எண்களைக் கொடுத்து மீதியை மட்டும் எஃப்மாட் என்ற கட்டளையிடம் கேட்டால், சுழி என்று சொல்லாது. கிட்டத்தட்ட இன்னொரு பத்தில் ஒன்று முழுசாக மிச்சம் இருக்கிறது என்று சொல்லும். ஒருவன் பத்துச் சுற்றும் முடிந்தது என்கிறான், இன்னொருவன் பத்தாவது சுற்று முடியப்போகிறது என்கிறான். இரண்டு பேரும் தங்கள் அளவில் சரி. இரண்டையும் நம்பிக் கூட்டினால் வண்டி ஒரு சுற்றுக் கீழே இருப்பதாக வந்துவிடும்.

முதல் வருடம் அப்படித்தான் வந்தது. பாதி மலையில் வண்டி தன் இடத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டு திடீரென்று குலுங்கியது, இரண்டு கூடை ஆங் ஹே என்கிற உசத்தி ரகப் பழம் உருண்டு பள்ளத்தில் போனது. துவாச்சி பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பழம் பொறுக்கி எண்ணுடான்னா சின்ன வயசுல பாதியில எந்திரிச்சு ஓடுவ. உன் மெஷினும் உன்ன மாதிரியே இருக்கு," என்றாராம்.

அதன் பிறகுதான் பெங் சூன் ரெம்க்வோவைக் கண்டுபிடித்தார். அதுவும் சி என்கிற நிரல் மொழியில் உள்ள கட்டளைதான், அதிகம் பேர் தொடாதது. ஈவு, மீதி இரண்டையும் ஒரே வாயால் சொல்லும், அதனால் சண்டை வராது. பக்கத்தில் உள்ள முழுச் சுற்று எதுவோ அதைச் சொல்லி, கூடவோ குறையவோ உள்ளதை மீதியாகத் தரும். ஐந்தே முக்கால் சுற்று என்றால், ஆறு, அதில் கால் குறைவு என்று சொல்லும். அந்த ஒரு வரியைப் போட்டதும் குலுக்கல் நின்றுவிட்டது. எங்களை எல்லாம் பாலிக் பூலாவ் சந்தைக்குக் கூட்டிப்போய் லக்ஸா என்கிற மீன்சாற்று நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். தன் கிண்ணத்தை நின்றுகொண்டே குடித்தார். வருடக்கணக்கில் அந்த வரியை யாரும் தொடவில்லை. வண்டி இந்தத் தீவிலும் அக்கரையிலும் பஹாங் மலைகளிலும் ஓடியது.

இந்த வருடம் பழைய சிப்பு சந்தையில் கிடைக்காமல் போயிற்று. பெங் சூன் வேறு சிப்பு உள்ள மின்சுற்றுப் பலகைக்கு மாறினார். நிரலை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே புதுப் பலகையில் ஏற்ற முடிந்தது என்பதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை. சோதனையும் செய்தோம், எப்போதும் செய்கிற மாதிரி. எங்கள் நடைபாதையின் ஒரு கோடியில் உருளை, மறு கோடியில் கழிப்பறை. கயிற்றுக் கொக்கி இறங்கி வந்து கழிப்பறைக் கதவுக்கு முன்னால் வேகம் குறைந்து, கதவை மெல்லத் தட்டி நின்றால் தேர்ச்சி. உள்ளே யாராவது இருந்தால், "ஆள் இருக்கு," என்று குரல் வரும், அதற்கு ஒரு சிரிப்பு. புதுப் பலகை கதவை அழகாகத் தட்டியது.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள்தான் அந்தப் பலகை மலைக்குப் போனது. முந்தைய வாரம் துவாச்சி தோட்டத்தில் இடி விழுந்து பழைய பலகை கருகிவிட்டது. புதுசில் முதலாவது யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, அக்காவுக்கே போகட்டும், ஏதாவது சின்னக் குறை இருந்தால் வாடிக்கையாளர் மாதிரிக் கத்த மாட்டார், என்னை மட்டும்தான் திட்டுவார் என்று பெங் சூனே சொன்னார்.

இதெல்லாம் தெரிந்தால்தான் அந்தக் காலை புரியும்.

நானும் ஸம்ரியும் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குள் வந்தபோது பெங் சூன் தன் இடத்தில் இல்லை. நடைபாதையில் உருளைக்கும் கழிப்பறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். போய்க் கதவைத் தொடுவார், திரும்புவார். உதடு அசைந்தது. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் மேசைக்கு வந்து, இந்த நடைபாதையில் உருளை எத்தனை சுற்றுச் சுற்றும் என்று கேட்டார். ஆறு என்றேன். கையேட்டில் சோதனைப் பகுதியை எழுதியவன் நான்தான், அதனால் தெரியும்.

"ஆறு," என்றார். "ஆறுக்கு மேல சுத்தவே சுத்தாது, இல்ல?"

"கதவு இருக்கே."

அவர் உட்காரவில்லை. குனிந்து நின்றபடியே என் கணினியிலிருந்து, சோதனைக்கு வைத்திருந்த இன்னொரு புதுப் பலகைக்குள் போய் நாலே வரி தட்டினார். மலையோ கயிறோ அதில் இல்லை. ஒன்றைப் பத்தில் ஒன்றால் வகுத்து ஈவையும் மீதியையும் சொல் என்று ரெம்க்வோவிடம் கேட்டார். மீதி சரியாக, கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் வந்தது. ஈவு பத்து என்று வர வேண்டும்.

இரண்டு என்று வந்தது.

மறுபடி ஓட்டினார். இரண்டு. ஈவு எட்டு வர வேண்டிய கணக்கைக் கொடுத்தார், சுழி வந்தது. ஒன்பதுக்கு ஒன்று. ஏழுக்கு மட்டும் ஏழு.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்தக் கட்டளைக்கான விதி, ஈவு முழுவதையும் தருவதாக வாக்குக் கொடுக்கவே இல்லை. ஈவை இரும எண்ணாக எழுதினால் வருகிற கடைசி மூன்று இலக்கம் மட்டும் உறுதி, அதற்கு மேல் தருவதும் தராததும் அவரவர் விருப்பம். காரில் ஓடிய தூரத்தைக் காட்டுகிற மீட்டரில் கடைசிச் சக்கரத்தைத் தவிர மற்றதை மறைத்துவிட்ட மாதிரி. மூன்று இலக்கத்தில் ஏழுக்கு மேல் எழுத முடியாது. எட்டு வந்தால் சுழிதான். பழைய சிப்போடு வந்த கட்டளைத் தொகுப்பு கேட்காமலே முழு ஈவையும் கொடுத்துக்கொண்டிருந்தது. புதுப் பலகையினுடையது, விதியில் உள்ளதை மட்டும் கொடுத்தது. அதில் தப்பே இல்லை.

ஸம்ரியும் வந்து எட்டிப் பார்த்தான். பேய்க் கதை சொன்னவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்த விதி உங்களுக்குத் தெரியாதா தவுக்கே?" என்றான், மெதுவாக.

"படிச்சிருக்கேன்," என்றார் பெங் சூன். "படிச்சிட்டு, அன்னைக்கு இருந்த சிப்புல போட்டுப் பாத்தேன். முழுசா வந்துச்சு. வந்ததை நம்பிட்டேன்."

பிறகு ஸம்ரியின் தோளைப் பிடித்தார். நேற்று மலையில் எவ்வளவு தூரம் இறக்கிப் பார்த்தாய் என்று கேட்டார். ஸம்ரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தண்டவாளத்தின் முதல் தூண் வரை இறக்கினானாம், அழகாக நின்றதாம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மின்னல் வேறு. மீதியை நாளைக்கு நானே பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிடு என்று துவாச்சி ஆண்ட்டி அவன் கையில் ஒரு பழத்தைக் கொடுத்து விரட்டிவிட்டாராம். முதல் தூண் என்பது ஆறு சுற்றுகூட இல்லை.

மலையின் முழு நீளத்துக்கு உருளை எழுபது சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். வேகம் குறைய வேண்டிய எண் அறுபதுகளில் இருக்கிறது. ஏழுக்கு மேல் எண்ணாத வண்டி அந்த எண்ணை ஒருநாளும் பார்க்காது. கீழே ஒரு நிறுத்துச் சுவிட்ச் உண்டு, ஆனால் அது கடைசிக் கை நீளத்தில்தான் வேலை செய்யும், மெதுவாக வருகிற வண்டிக்காக வைத்தது. முழு வேகத்தில், முழுப் பாரத்தோடு வருகிறதை அது நிறுத்தாது.

பெங் சூன் துவாச்சிக்குப் போன் செய்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தார். வார்த்தோவின் எண்ணுக்குச் செய்தார், அது சேவையில் இல்லை என்று மலாயில் ஒரு பெண் சொன்னாள். பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்தார், ஆனால் அவர் ஆயர் ஈத்தாமில் சாலையோரம் பழம் வெட்டிக்கொண்டிருந்தார். துவாச்சி பற்றிக் கேட்டதற்கு, மழைக்கு ராத்திரி ஏகப்பட்ட பழம் விழுந்திருக்கும், மத்தியானம் வியாபாரி லாரி வருவதற்குள் உன் அக்கா இறக்கிவிடுவாள், அவளுக்கு என்ன, மெஷின் இருக்கிறது என்று சிரித்திருக்கிறார்.

முதலாளிக்குச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டேன். கேட்கும்போதே என் வேலை அனுமதிச் சீட்டு, அதன் கடைசித் தேதி, ஊரிலிருந்து வந்து இங்கே பள்ளிக்கூடம் போகிற மகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பெங் சூன் காரின் சாவியை எடுத்துவிட்டிருந்தார். அதெல்லாம் அப்புறம் என்றார். ஸம்ரி அதற்கு முன்பே ஹெல்மெட்டோடு வாசலில் இருந்தான். மோட்டார்சைக்கிள் சந்து பொந்தில் போகும், நீங்கள் பின்னால் வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

காரில் போன் என் கையில். அவர் ஓட்டினார், நான் அழுத்திக்கொண்டிருந்தேன். ரெலாவ் வரை தடையில்லை. மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் சிக்கியது. டுரியான் பருவத்துச் சனிக்கிழமை, கோலாலம்பூர் எண் போட்ட கார், சிங்கப்பூர் எண் போட்ட கார், ஒரு சுற்றுலாப் பேருந்து. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கடை, ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் சாலையிலேயே பாதி நின்ற வண்டிகள். கையுறை போட்டுக்கொண்டு பழம் தின்றவர்கள் காருக்குக் குறுக்கே நடந்தார்கள். பெங் சூன் ஹாரனை அழுத்தவில்லை. கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், இறக்கினார். வாசனை உள்ளே வந்தது. அதை அவர் கவனித்த மாதிரி இல்லை.

"அக்கா எப்பவும் போனை எங்க வைப்பாங்க?" என்று கேட்டேன்.

உச்சியில் உள்ள குடிசையில் என்றார். அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், கம்பத்தில் ஓர் ஆணி அடித்துப் பையில் போட்டு மாட்டியிருப்பாராம். அதனால் மணி அடிக்கிறது என்றால் போன் நன்றாக இருக்கிறது, ஆள்தான் குடிசையில் இல்லை.

"அப்ப மரத்தடியில பழம் பொறுக்கிட்டு இருப்பாங்க," என்றேன். "வண்டி போய் மோதினாலும் பழம்தான் போகும். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோமே. ஆள் ஏறக் கூடாதுன்னு."

மூன்று மொழியில் அந்த வாசகத்தை எழுதியவன் நான். சிவப்பில், மண்டையோடு போட்டு. அதை நினைத்து எனக்கு அப்போது கொஞ்சம் தெம்புகூட வந்தது.

பெங் சூன் வளைவில் காரைத் திருப்பினார். முன்னால் பேருந்து நின்றது, நாங்களும் நின்றோம்.

"நான்தான் ஏறச் சொன்னேன்," என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அவளால படி எறங்க முடியல. மலையவிட்டு வந்து எங்க வீட்ல இருன்னா, நீ நடக்குற நடையில உன் வீட்டுத் தரை ஆடுதுடான்னு கிண்டல் பண்றா. என்ன செய்ய? கூடைக்கு நடுவுல ஒரு பலகை போட்டுக் குடுத்தேன். முதல்ல நான் ஏறி எறங்கிக் காட்டினேன். அப்பவும் ஏறல. மெஷின நம்ப மாட்டேன்னா. 'மெஷின நம்பாத துவாச்சி, உள்ள உக்காந்து எண்றது நான்தான், என்ன நம்பு'ன்னு சொன்னேன்."

"ஏறினாங்களா?"

"அன்னைக்கிலேர்ந்து தினம் ஏறுறா. கடைசிக் கூடையோட."

டுரியான் கூடைக்கு நடுவே உட்கார்ந்து வருவது எப்படி இருக்கும் என்று நினைக்காமல் இருக்க முயன்றேன். மறுபடி எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. ஒரு கட்டத்தில் தானாக அறுந்தது. பெங் சூன் கையை நீட்டி, ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன். மணி காருக்குள் அடித்தது.

அவர் பேசத் தொடங்கினார், என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல். ஈவைக் கேட்டே இருக்க வேண்டியதில்லையாம். மீதியை மட்டும் வாங்கிக்கொண்டு, மொத்தத்திலிருந்து அதைக் கழித்து, ஒரு சுற்றால் வகுத்து, பக்கத்து முழு எண்ணுக்குத் திருத்தியிருந்தால் போதும், ஒருநாளும் பிசகாது. ஒரே ஒரு வரி அதிகம். அந்த வரியை அன்றைக்கே யோசித்தாராம். ஒரு கட்டளையே இரண்டையும் தரும்போது எதற்கு இன்னொரு வரி என்று விட்டுவிட்டாராம். அழகாக இருந்தது என்று இரண்டு முறை சொன்னார்.

"இப்ப மாத்திடலாம்," என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உதவாத பேச்சு என்று தெரிந்தது.

பேருந்து நகர்ந்தது, நின்றது. இடது பக்கம் ஒரு கார் பின்னால் எடுக்க, வலது பக்கம் ஒருவர் இறங்கி நின்று அதற்குக் கை காட்ட, எதிரே வந்த லாரிக்காரர் இறங்கி இரண்டு பேரையும் திட்டினார். ஸம்ரியின் மோட்டார்சைக்கிள் எங்களுக்கு எவ்வளவு தூரம் முன்னால் போயிருக்கும் என்று தெரியவில்லை. மேலே இரண்டு வளைவு தாண்டி, மரங்களுக்கு நடுவே அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் மாதிரி ஒன்று தெரிந்தது. அவனாகவும் இருக்கலாம். அவனுக்குப் போன் செய்து பயனில்லை, ஓட்டும்போது எடுக்க மாட்டான்.

"அவன் போயிடுவான்," என்றேன்.

"பாதை முடியுற வரைக்கும்தான் பைக் போகும். அப்புறம் ஏறணும். அவனுக்கு மூச்சு வாங்கும்." கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "லாரி வர்ற நேரம்."

அறுந்தது. அழுத்தினேன். அடித்தது.

முன்னால் இருந்த சிங்கப்பூர்க் காரிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிப் படம் எடுக்கத் தொடங்கியதும் பெங் சூன் கைப்பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்தார். இங்கேயிருந்து ரப்பர் மரங்களுக்கு ஊடே ஒரு குறுக்கு வழி உண்டு, பழவண்டித் தண்டவாளத்தின் பாதியில் போய் ஏறலாம், கயிறு ஓடினால் சத்தம் கேட்கும் என்றார். காரை நீ எடுத்து வா என்றார். எனக்கு மலைச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் சாலையோரத்து வடிகாலைத் தாண்டிவிட்டார். அலுவலகச் சட்டை, அலுவலகச் செருப்பு. மழையில் ஊறிய சரிவில் ஒரு கையை ஊன்றி ஏறினார், வழுக்கினார், மறுபடி ஏறினார். படம் எடுத்துக்கொண்டிருந்த குழந்தை ஒன்று அவரைப் பார்த்துக் கை அசைத்தது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் நடுவில் உள்ள கியர் மேல் காலைத் தூக்கிப் போட்டு ஓட்டுநர் இடத்துக்கு மாறினேன். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. கயிறு ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். பேருந்தின் எஞ்சின், யாரோ பழத்தைப் பிளக்கிற சத்தம், சிரிப்பு. போன் என் மடியில் கிடந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை.